தரையில் டேப்பா, கண்ணில் கண்ணாடியா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் மாமாவுக்குப் பார்க்கின்சன் என்னும் நரம்பு நோய். கூடத்தில் நன்றாகத்தான் நடப்பார். சமையலறை வாசல் வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நடையைத் தானாக ஓட்டும் மூளைப் பகுதி தடுமாறுவதால் வரும் வினை இது. கண்முன் ஒரு கோடு இருந்தால், அதைத் தாண்டும் நினைப்பில் கால் எழுந்துவிடும்.

டேப் ஒட்டினோம். நடைக்குக் குறுக்கே, அவர் ஓர் எட்டு வைக்கும் தூரத்துக்கு ஒன்றாக, பளிச்சென்ற மஞ்சளில். சில ரேண்டுதான் செலவு. லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டு வந்தாலும் டார்ச் ஒளியில் தெரியும். ஆனால் கோவிலுக்கோ கடைக்கோ அது கூடவே வராது. அத்தை வேறு தினமும் தரையைப் பார்த்து முணுமுணுக்கிறார்!

எதிரே தெரியும் காட்சிமேல் படம் காட்டும் ஏஆர் கண்ணாடி அந்தக் கோடுகளைப் போகுமிடமெல்லாம் காட்டும். சரி, விலை? எடை? மைக்ரோசாஃப்டின் ஏஆர் கருவியான ஹோலோலென்ஸ் 2 மட்டும் 566 கிராம். அதன் தயாரிப்பும் 2024இல் நின்றுவிட்டது. அதில் படம் தெரியும் பரப்பு குறுகல் என்பதால், காலடியில் கோடு தெரியத் தலையைக் குனிய வேண்டும். ஏற்கெனவே கூன் விழும் நோயாளிக்கு அது நல்லதல்ல.

வீட்டுக்கு என் ஓட்டு டேப்புக்கே. வெளியே போக, லேசர் கோடு போடும் கைத்தடி ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம்.