350 ரூபாய் மழைமானி, இரண்டு கோடை பார்த்த பிறகு

கூடலூர் பக்கம் மூன்று ஏக்கர் ரொபஸ்டா காபி, நிழல் மரத்தில் மிளகுக்கொடி. இந்தப் பிளாஸ்டிக் மழைமானியை வாங்கியவுடனே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன், இப்போது மூன்றரை.

காபிக்காரர்களுக்குத் தெரியும், அந்த வருஷத்துக் காய்ப்பு ஜூன் மழையில் இல்லை, பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ வரும் பிளாசம் ஷவரில்தான், அதாவது மொட்டை விரிய வைக்கும் மழையில்தான் இருக்கிறது. ஒரு இஞ்சாவது பெய்ய வேண்டும். அரைகுறையாகப் பெய்தால் பெய்யாமலே இருந்ததைவிட மோசம், மொட்டு வீங்கும், ஆனால் விரியாமலே கருகிவிடும்.

போன மார்ச்சில் ஒரு சாயங்காலம் இடியும் காற்றுமாகக் கொட்டித் தீர்த்தது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் போன் போட்டு, "செம மழை தம்பி, இனி மோட்டார் எடுக்க வேண்டாம்" என்றார். காலையில் போய்ப் பார்த்தால் 11 மில்லிமீட்டர், அதாவது நம் கணக்கில் வெறும் 43 சென்ட் (நூறு சென்ட் ஒரு இஞ்ச்). சத்தத்துக்கும் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. அன்றைக்கே ஸ்பிரிங்ளரை ஓட்டினேன், மழைமானியையும் அதன் வீச்சுக்குள்ளேயே நட்டுவைத்து, மழையும் சேர்ந்து ஒன்றேகால் இஞ்ச் ஆனதும் நிறுத்தினேன், டீசலும் மிச்சம். எட்டாம் நாள் தோட்டம் முழுக்க வெள்ளைப் பூ. அண்ணன் தோட்டம் என்ன ஆனது என்று சொல்ல மாட்டேன், அவர் இதைப் படிப்பார்.

அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் பேக்கிங் ஷவர், அதாவது பூத்தபின் வர வேண்டிய அடுத்த மழை, வராவிட்டால் பிஞ்சு நிற்காதே, அதற்கும் மழைமானி அளவைக் குறித்துவைக்கும் நோட்டுதான். மிளகுக்கும் உதவுகிறது, மே மழையில் திரி (பூங்கதிர்) விட்டபிறகு எத்தனை நாள் காய்கிறது என்று தேதியோடு தெரிந்துவிடும்.

இனி குறை. இரண்டாவது கோடையிலேயே கோடுகள் வெளுத்துவிட்டன, 20க்குக் கீழே டார்ச் அடித்துத்தான் படிக்க முடிகிறது. தாங்கியின் ஸ்க்ரூ துருப்பிடித்துவிட்டது. புனலில் எறும்பு மண் கட்டுகிறது, அது கம்பெனியின் தப்பில்லை, சரி. தினமும் காலை எட்டரைக்குப் பார்த்துக் கொட்டிவிட வேண்டும், மார்ச் வெயிலில் விட்டுவைத்தால் ஆவியாகிவிடும். சில்வர் ஓக் அடியில் வைக்காதீர்கள், இலைச் சொட்டெல்லாம் சேர்ந்து விழும். முதல் மாதம் நான் அப்படித்தான் வைத்திருந்தேன்.

கீழ்த் தோட்டத்துக்கு இன்னொன்று வாங்கப் போகிறேன், ஆனால் கோடுகளை அச்சடிக்காமல் பொறித்திருக்கும் மாடலாகப் பார்த்து.