காலேஜ் பேஸ்பால் ஹிட்டிங் கோச்: காலேஜ்லயே ஒட்டிக்கிறதா, ப்ரோ பக்கம் தாவுறதா?

அமெரிக்கால காலேஜ் பேஸ்பால் ஹிட்டிங் கோச் (பேட்டிங் சொல்லிக்குடுக்கிறவர்)னு சொன்னா, நெட்ஸ்ல நின்னு பசங்க முழங்கையைத் திருத்திக்கிட்டு இருக்கிற ஆளுனுதான் நமக்கு தோணும். கேஜுக்குள்ள அதுவும் உண்டு, வலைக்குப் பின்னாடி கவுத்துப்போட்ட பக்கெட் மேல உக்காந்து ஒவ்வொரு பந்தா தூக்கிப் போட்டுக்கிட்டே "இடுப்பு முன்னாடி ஓடுது பாரு"ங்கிறது. ஆனா நிறைய டீம்ல அதே ஆள்தான் ரெக்ரூட்டிங்கும் (டீமுக்குப் புதுப் பசங்களைத் தேடிச் சேக்கிறது) பாக்கணும், அதாவது பக்கெட்டை விட்டு எந்திரிச்சா போன், போனை வெச்சா ஏதோ ஊர் ஹைஸ்கூல் மேட்ச், அங்க பையனோட அப்பா அம்மாகிட்ட பேச்சு. காலேஜா, இல்ல ப்ரோவா (தொழில்முறை பேஸ்பால்)ங்கிற கேள்விக்கு என் கணக்குல பதில் இங்கதான் இருக்கு.

தொடக்கம் பல பேருக்கு ஒரே மாதிரிதான். விளையாடி முடிச்சதும் ரெண்டு வருஷ ஜூனியர் காலேஜோ, ரெண்டாம் மட்ட டிவிஷன் 2 காலேஜோ கிடைச்ச இடத்துல ஒட்டிக்கணும், கோடையில காலேஜ் பசங்க ஆடுற நார்த்வுட்ஸ் மாதிரி சம்மர் லீக். மேல் மட்டமான டிவிஷன் 1 போனாலும் 2023 வரைக்கும் ரொம்ப நாளா ஹெட் கோச்சுக்கு கீழ சம்பளம் வாங்குற அசிஸ்டன்ட் ரெண்டே பேர்தான், மூணாவது ஆள் வாலன்டியர். வேலை முழுசு, சம்பளம் முட்டை. கேம்ப் நடத்தி, சாயங்காலம் பிரைவேட் லெசன் எடுத்துதான் வாடகை கட்டவேண்டியிருந்துச்சு. 2022 நவம்பர்ல இது கோர்ட்டுக்கே போச்சு, 2023 ஜூலை 1ல இருந்து காலேஜ் விளையாட்டை நடத்துற என்சிஏஏ அமைப்பு வாலன்டியர்ங்கிற பதவியையே தூக்கிட்டாங்க. இப்ப மூணாவது ஆளுக்கும் சம்பளம் குடுக்கலாம். குடுக்க'லாம்', அவ்ளோதான், பட்ஜெட் இல்லாத காலேஜ் என்ன பண்ணும்னு உங்களுக்கே தெரியும்.

காலேஜ் வழிக்கு ஜாஷ் எலாண்டரைப் பாருங்க. டிசியூ (டெக்சாஸ் கிறிஸ்டியன் யூனிவர்சிட்டி)ல விளையாடினப்ப அங்க அசிஸ்டன்டா இருந்தவர் டோனி விடெல்லோ. எலாண்டர் 2017ல ஆர்கன்சாஸ் யூனிவர்சிட்டில வாலன்டியர், விடெல்லோவும் அப்ப அங்கதான். அந்த வருஷமே விடெல்லோ டென்னசிக்கு ஹெட் கோச்சா போக இவரும் கூடவே போயிட்டாரு, 2024ல ஓமாஹால நடக்கிற காலேஜ் உலகத் தொடர்ல கப்பு. 2025 அக்டோபர்ல விடெல்லோ மேஜர் லீக் டீமான சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு மேனேஜரா (ப்ரோல ஹெட் கோச்சுக்குப் பேரு அது) கிளம்ப, அந்த நாற்காலி எலாண்டருக்கு. சம்பளமே இல்லாத வேலையில இருந்து எட்டு வருஷத்துல ஹெட் கோச்! ஆனா கவனிங்க, இது சரியான ஆளோட கையைப் புடிச்ச கதை. அதே ஹெட் கோச்சை காலேஜ் தூக்கியிருந்தா அசிஸ்டன்டும் அவரோட சேந்து பெட்டி கட்டவேண்டியதுதான்.

ப்ரோ வழிக்கு டில்லன் லாசன். சின்னச் சின்ன காலேஜ், மிசௌரி யூனிவர்சிட்டி, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸோட மைனர் லீக் (மேஜர் லீக்குக்கு ஆள் தயார் பண்ற கீழ் மட்டம்)னு சுத்தி 2022ல நியூயார்க் யாங்கீஸ் ஹிட்டிங் கோச். அந்த டீமோட ஸ்டார் பேட்டர் ஆரன் ஜட்ஜ் 62 ஹோம் ரன் அடிச்ச வருஷம் அது. அடுத்த வருஷம் ஜூன்ல ஜட்ஜ் டாட்ஜர் ஸ்டேடியத்துல வேலியில மோதி கால் விரலைக் காயப்படுத்திக்கிட்டாரு, டீம் ரன் அடிக்கல, ஜூலைல சீசன் பாதியில லாசன் அவுட். அடிச்சா பேட்டருக்குப் பேரு, அடிக்கலைன்னா கோச் தலை. அப்புறம் பாஸ்டன் ரெட் சாக்ஸ் டீம்ல மைனர் லீக் பக்கமா மறுபடி ஏறி வந்தாரு.

வேலையோட ருசினு பாத்தா ப்ரோதான், சந்தேகமே இல்ல. ரெக்ரூட்டிங் கிடையாது, மரப் பேட், சீசனுக்கு 162 மேட்ச், அன்னிக்கு நைட் போடப்போற பிட்சரோட பந்தையே அப்படியே வீசுற ட்ராஜெக்ட் மெஷின். கீழ மைனர் லீக்ல மட்டும் கொஞ்சம் கசப்பு, மேல இருக்கிற கோஆர்டினேட்டர் எழுதினதை நீங்க செஞ்சு காட்டணும், பஸ் பயணம் வேற, 2021ல மைனர் லீக் டீம்களையே 160ல இருந்து 120ஆ குறைச்சுட்டதால இடமும் கம்மி. காலேஜ்ல 56 மேட்ச்தான், அலுமினியம் பேட், 18 வயசு பையன் ஸ்விங்கை நீங்களே முடிவு பண்ணலாம், ஆனா ரெண்டு வருஷம் செதுக்கின பையன் ஜூன்ல ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல (காலேஜ் மாற நினைக்கிறவங்க பட்டியல்) பேரைப் போட்டுட்டு எதிரி காலேஜ் டீஷர்ட்ல நிப்பான், அந்த எரிச்சல் ப்ரோல கிடையாது.

காசு? மேல போகப் போக சம்பளம் ஏறும்னு நினைச்சா தப்பு. வெஸ் ஜான்சன் பிட்சிங் (பந்து வீச்சு) கோச்தான், இருந்தாலும் சொல்லியே ஆகணும். 2022 ஜூன்ல அவரோட மேஜர் லீக் டீம் மின்னசோட்டா ட்வின்ஸ் தன் பிரிவுல முதலிடத்துல இருக்கும்போதே பாதி சீசன்ல விட்டுட்டு எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி) காலேஜுக்குப் போனாரு, இன்னும் பெரிய சம்பளத்துக்கு. அடுத்த வருஷமே எல்எஸ்யூ சாம்பியன், இவரு ஜார்ஜியா யூனிவர்சிட்டி ஹெட் கோச். பெரிய காலேஜ்ல மட்டும்தான் இந்தக் காசு, அதை மறந்துடாதீங்க.

நான் சொல்றது இதுதான்: போன் பேசப் புடிக்காதவன் காலேஜ்ல இருக்கவே கூடாது, சீக்கிரமா மைனர் லீக் பக்கம் அப்ளிகேஷன் போட்டுடணும். ஹெட் கோச் ஆகணும்னா அந்தப் போனை கீழ வெக்கவே கூடாது. ப்ரோல ஒரு கோச்சாக்கூட இருக்காத விடெல்லோ நேரா ஜயன்ட்ஸ் மேனேஜர் ஆனதும் அந்தப் போன் பேசி ஆள் சேத்த திறமையோடதான், ஸ்விங் சொல்லிக்குடுத்து மட்டும் இல்ல.