சம்பளமில்லாக் கல்லா: நார்ஃபோக்கில் ஓர் ஊர்க்கடை

கூட்டுறவுப் பண்டகசாலைகளின் இருப்பைச் சரிபார்ப்பதிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் அலமாரியின் கீழ்த்தட்டுக்குத்தான் போகும். விற்காத சரக்கு ஒதுங்கும் இடம் அதுதான். இங்கிலாந்தின் கிழக்கோரம் நார்ஃபோக்கில் மகள் வீட்டில் நான்கு மாதம் தங்கியிருந்தபோது, அந்தக் கிராமத்தின் ஊர்க்கடையிலும் அப்படியே குனிந்து பார்த்தேன். நாய்த் தீனியும் மெழுகுவத்தியும் தூசியின்றி வரிசையாக இருந்தன. மரியாதை அங்கேயே தொடங்கிவிட்டது.

இருந்த ஒரே மளிகைக் கடையின் உரிமையாளர் ஓய்வு பெற்று, அதை வாங்க ஆளில்லாமல் போனபோது, ஊரார் பங்கு சேர்த்துத் தொடங்கிய கடை இது. சமுதாயக் கூடத்தை ஒட்டி, முன்பு நாற்காலிகளை அடுக்கிவைத்திருந்த அறையில் நடக்கிறது. கல்லாவில் இருப்பவர் முதல் சரக்கை இறக்கி வைப்பவர் வரை யாருக்கும் சம்பளம் கிடையாது. பணி முறைப்பட்டியல் ஒன்று சுவரில் தொங்குகிறது; ஒரு முறைக்கு இருவர், மூன்று மணி நேரம்.

இத்தகைய கடைகள் பிரிட்டனில் நூற்றுக்கணக்கில் உள்ளன. அயர்லாந்தில் விவசாயக் கூட்டுறவை வளர்த்த ஹோரஸ் பிளங்கெட் 1919இல் நிறுவிய அறக்கட்டளை இன்றும் இவற்றுக்கு வழிகாட்டுகிறது. பலவும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ச் சமுதாய நலச் சங்கங்களாகப் பதிவு பெற்றவை. பத்துப் பவுண்டு போட்டவருக்கும் ஆயிரம் பவுண்டு போட்டவருக்கும் பொதுப்பேரவையில் ஒரே வாக்குதான். பங்கின் மதிப்பு ஏறாது. சங்கத்தின் நிலை இடம்கொடுத்தால் போட்ட பணத்தைத் திரும்பப் பெறலாம், அவ்வளவே. 1844இல் வட இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர்களும் அவர்களைச் சார்ந்தவர்களுமாக 28 பேர் தொடங்கிய கடையின் வழிவந்த ஏற்பாடு இது. அதே மரபு கடல் கடந்து வந்து 1904இல் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கமாக முளைத்ததைப் பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்தவன் என்பதால், சுவரிலிருந்த பதிவுச் சான்றிதழைச் சற்று நேரம் நின்று படித்தேன். கல்லாவிலிருந்த பெண்மணி, நான் ஆய்வுக்கு வந்திருப்பதாக நினைத்துத் தேநீர் கொடுத்தார்.

இனிச் சரக்கைப் பற்றி. பக்கத்து ஊர் அடுமனையின் ரொட்டி, மண் ஒட்டிய உருளைக்கிழங்கு, உள்ளூர்ப் பண்ணை முட்டை, பருவத்தில் தண்ணீர்விட்டான் இனத்தைச் சேர்ந்த ஆஸ்பராகஸ் தண்டுகள், நார்ஃபோக்கின் கடலோர ஊரான குரோமரின் நண்டு ஆகியவற்றில் குறை சொல்ல எதுவுமில்லை. கோடையில் ஒருநாள் ஈரத்துணி மூடிய தட்டில் பச்சைப் பசேலென்று ஒரு கீரையைக் கண்டு வியந்துபோனேன். அவர்கள் சாம்ஃபயர் என்றார்கள். நம் உப்பளங்களின் ஓரத்தில் வளரும் உமரியின் நெருங்கிய இனம். நார்ஃபோக்கின் கடலோரச் சதுப்பில் பறித்தது. வெண்ணெயில் வதக்கச் சொன்னார்கள். நான் பருப்போடு சேர்த்தேன், உப்புப் போடாமல்.

ஆனால் பொட்டலச் சரக்குகளில் இந்தக் கடை தடுமாறுகிறது. பேரங்காடியில் இரண்டு பவுண்டுக்குக் கிடைத்த தேயிலைப் பெட்டிக்கு இங்கே இரண்டே முக்கால். இதில் பேராசை ஏதுமில்லை: சிறிய அளவில் மொத்த வியாபாரியிடம் வாங்கும் கடைக்கு அடக்க விலையே சில சமயம் பேரங்காடியின் விற்பனை விலையைத் தாண்டிவிடும். மூவாயிரம் பேருக்குக் குறைவான ஊரில் ஒரே பலசரக்குக் கடையாக இருந்தால் வணிகச் சொத்துவரியில் விலக்குப் பெற வழியிருக்கிறது, கூலியும் இல்லை. அப்படியிருந்தும் குளிர்பெட்டிகளின் மின்கட்டணமே லாபத்தைத் தின்றுவிடுகிறது என்று பொருளாளர் சொன்னபோது, எத்தனையோ சங்கச் செயலாளர்களின் முகங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

சேவை அன்பானது, வேகமானது என்று சொல்ல முடியாது. ஒரே பாலாடைக்கட்டிக்கு இரண்டு முறை விலை போட்டுவிட்டு, நான் ரசீதைக் காட்டியதும் அதை நீக்கத் தெரியாமல் மூவர் கூடி ஆலோசித்தார்கள். பின்னால் நின்றவர்கள் பொறுமையாக வானிலை பேசினார்கள். ஆனால் விதிகளில் இவர்கள் தளர்வதில்லை. மது வாங்குபவர் 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றினால் சான்று கேட்பது அங்குள்ள கடைகளின் வழக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தாமே பாடம் நடத்திய, வயது நன்றாகத் தெரிந்த இளைஞனிடமே சான்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பீர் கொடுத்தார். பயன்பாட்டுக்கான இறுதி நாள் கடந்த பொருளை விற்பது அங்கே குற்றம். தரம் சிறந்திருக்கும் காலம் மட்டுமே முடிந்தவற்றை விற்கலாம். இவற்றைப் பிரித்துப் பாதி விலைக் கூடையில் இடுவதற்கென்றே ஒருவர் வாரந்தோறும் வருகிறார். நான் பணியாற்றிய பண்டகசாலைகளில் சம்பளம் கொடுத்தும் இந்த வேலையைச் செய்யவைக்க முடிந்ததில்லை.

கவலை தருவது பணி முறைப்பட்டியல்தான். அதிலுள்ள பெயர்களில் பெரும்பாலானவை என் வயதையொத்தவர்களுடையவை. வேலைக்குப் போகும் இளந்தம்பதியர் பங்கு வாங்கியிருக்கிறார்கள், கல்லாவில் நிற்க நேரமில்லை; வாங்குவதும் பால், அஞ்சல்தலை, மறந்துபோன வெங்காயம். வாரச் சாமான் பேரங்காடியின் வண்டியில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. என் மகள் வீடும் இதற்கு விலக்கல்ல. வண்டி வந்த நாட்களில் ஊர்க்கடைக்குள் நுழைய எனக்கே கூச்சமாக இருந்தது. பிறகு ரொட்டி, முட்டை, காய் மூன்றையும் இங்கேயே வாங்குவது என்று வீட்டில் பேசி முடிவு செய்தோம். செலவு வாரத்துக்கு நான்கைந்து பவுண்டு கூடியது.

இதே நார்ஃபோக்கில் இட்டரிங்ஹாம் என்ற சிற்றூரில், 1637 முதல் கடை நடந்துவருவதாகச் சொல்லப்படும் இடத்தை 1994 முதல் ஊரார் தொண்டர்களாக நடத்திவருகிறார்கள். ஆகவே ஒரு தலைமுறை முதுமை அடைந்ததும் கடை மூடப்பட்டே தீரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் கல்லா இயந்திரத்தைப் பழக்க ஓர் எளிய கையேடும், பள்ளி மாணவர்களுக்குச் சனிக்கிழமை முறையும் இருந்தால் நல்லது என்று கருத்துப் பெட்டியில் எழுதிப் போட்டேன். அடுத்த குழுக் கூட்டத்துக்கு என்னையே வரச் சொல்லிவிட்டார்கள்.

போகிறவர்கள் கவனிக்க: ஞாயிறு மதியம் கடை இல்லை. பக்கத்து ஊரிலிருந்து வரும் அஞ்சல் சேவை வாரத்தில் இரண்டு முற்பகல் மட்டும். கறிவேப்பிலை கேட்டால் எழுதிக்கொள்வார்கள், வராது. உமரி வேண்டுமென்றால் சனிக்கிழமை பத்து மணிக்குள் போய்விட வேண்டும். எனக்கு இரண்டு முறை வெறும் தட்டுதான் கிடைத்தது.