பீட்டர் கார்ட்ரைட் சுயசரிதை: படியுங்கள், இந்த மறுபதிப்பை வாங்காதீர்கள்

முதலில் அச்சைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் வாங்கியது. பழைய பிரதியை ஸ்கேன் செய்து அப்படியே அடித்திருக்கிறார்கள். எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, வரிக் கடைசிச் சொற்கள் நடு மடிப்பில் போய்ச் செருகிக்கொள்கின்றன. இதே புத்தகம் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அங்கே படித்தால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளவும் முடியும்.

புத்தகம் வேறு விஷயம். கார்ட்ரைட் 1785-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்து, கென்டக்கி காட்டுப் பக்கம் வளர்ந்து, குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்த மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையின் போதகர். பிறகு இல்லினாயில் விவசாயி, சட்டமன்ற உறுப்பினர். இந்தச் சுயசரிதை 1856-ல் வந்தது.

ஊழியக்காரர் வீட்டில் வளர்ந்தவள் நான், என் கண் சம்பளத்தில்தான் போய் நிற்கும். கல்யாணம் ஆகாத போதகருக்கு வருடத்துக்கு 80 டாலர் என்று சபை விதித்திருந்தது. அதுவும் முழுசாகக் கைக்கு வராது. கார்ட்ரைட் வீட்டை விட்டு வந்து மூன்று வருடம், வீடு 500 மைல் தூரம். குதிரைக்குக் கண் போய்விட்டது. சேணம் தேய்ந்துவிட்டது. உடுப்பில் எது அசல் துணி, எது ஒட்டு என்றே தெரியவில்லை. கையில் 75 சென்ட். அதோடு கிளம்பி, ஆறேகால் சென்ட் மீதியோடு வீடு சேர்கிறார். அப்பா புதுக் குதிரை, சேணம், உடுப்பு, 40 டாலர் கொடுத்து மறுபடி ஊழியத்துக்கு அனுப்புகிறார். அந்த அப்பாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

1824-ல், அடிமை முறை இருக்கும் ஊரில் பிள்ளைகளை வளர்க்க மனமில்லாமல் இல்லினாய்க்குக் குடிபெயர்கிறார். வழியில் காட்டில் தங்கிய இரவு, ஒரு மரம் முறிந்து மூன்றாவது மகள் மேல் விழுகிறது. முறியும் சத்தம் கேட்டுப் பாய்ந்து மரத்தைப் பிடிக்கிறார், பலனில்லை. 20 மைல் தூரம் பிள்ளையைக் கொண்டுபோய், தெரிந்தவர் இடத்தில் அடக்கம் செய்கிறார்கள். எல்லாம் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அன்று அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

பாப்டிஸ்ட் என்ற இன்னொரு கிறிஸ்தவ சபைக்காரர்களோடு நடந்த வாதங்கள் அலுக்கும். எப்போதும் இவருக்கே வெற்றி. லிங்கன் பற்றிப் பேச்சே இல்லாதது பெரிய குறை. 1832 சட்டமன்றத் தேர்தலில் இவர் ஜெயித்தார், லிங்கன் தோற்றார். 1846 காங்கிரஸ் தேர்தலில் இவர் லிங்கனிடம் தோற்றார். 1859-ல் இவருடைய பேரன் மேல் கொலை வழக்கு வந்தபோது, வாதாடி விடுதலை வாங்கிக் கொடுத்தவரும் அதே லிங்கன்தான். அது புத்தகம் வந்த பிறகு நடந்தது, தனியாகத்தான் தேடிப் படிக்க வேண்டும்.