கோ-5, தீவனச் சோளம், கொழுக்கட்டைப் புல்: யாருக்கு எது?

தீவனப்புல் என்றதும் எல்லோரும் கேட்பது "ஏக்கருக்கு எத்தனை டன்?" என்றுதான். அந்தக் கணக்கில் கம்பு நேப்பியரை எதுவும் நெருங்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-ல் விட்ட கோ-4, 2012-ல் விட்ட கோ-5 ஆகிய கம்பு நேப்பியர் ரகங்கள் இரண்டுமே ஆண்டுக்கு 140 டன்னைத் தாண்டும் என்கிறது பல்கலைக்கழகக் கணக்கு. பலமுறை அறுக்கும் தீவனச் சோளம் கோ.எப்.எஸ்.29 என்றால் 70 டன்னுக்குள். கொழுக்கட்டைப் புல் 16 டன்தான்.

ஆனால் பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மாட்டின் உடம்பில் சேரும் சத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கம்பின் இலையும் நேப்பியர் எனப்படும் யானைப்புல்லின் வீரியமும் சேர்ந்த ஒட்டுதான் கம்பு நேப்பியர். கம்புக்கு 14 குரோமோசோம், யானைப்புல்லுக்கு 28, ஒட்டுக்கு 21. ஒற்றைப்படை என்பதால் விதை பிடிக்காது, தண்டுத் துண்டான கரணையைத்தான் நட வேண்டும். நட்டது அச்சு மாறாமல் வருவது பெரிய வசதி. நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை அறுத்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் தண்டு முற்றிப்போய், மாடு இலையை உருவித் தின்றுவிட்டுத் தட்டையைத் தொட்டியிலேயே விட்டுவிடும். இதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள், கால்சியத்தை மாட்டுக்குச் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனம் கலந்தே போடுங்கள். கோ-4, கோ-5 இரண்டில் என் தேர்வு கோ-5. புரதம் 14 சதவீதம் வரை இருக்கிறது.

கிணற்றில் அவ்வப்போது மட்டும் தண்ணீர் கிடைப்பவர்களுக்குச் சோளம் தோது. விதைத்தால் போதும், காயவைத்தும் சேர்த்துவைக்கலாம். ஆனால் இளம்பயிரிலும் வாடிய பயிரிலும் சயனைடு நஞ்சு இருக்கும், மாட்டின் உயிருக்கே ஆபத்து. பூத்த பிறகே அறுங்கள்.

கொழுக்கட்டைப் புல்லுக்குப் பாசனமே வேண்டாம். காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகள் எனும் மானாவாரி மேய்ச்சல் நிலங்களில், வெள்வேல மரத்தடியில், கிளுவை வேலிக்குள் காலங்காலமாக மாடுகள் மேய்வது இதைத்தான். மகரந்தம் சேர்ந்து கரு உருவாகாமலே இதில் விதை விளைவதால் பிள்ளை அப்படியே தாய்தான். நல்ல செடியைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கலாம், ஒட்டுச் சேர்ப்பது கடினம். அதனால்தான் நேப்பியர் கண்ட முன்னேற்றத்தை இது காணவில்லை. மானாவாரிக்காரர்களுக்கு இதில்தான் ஆராய்ச்சி தேவை என்பது என் ஆதங்கம்.

பாசனமுள்ள ஒரு ஏக்கர் இருந்தால் முக்கால் ஏக்கரில் கோ-5, கால் ஏக்கரில் வேலிமசால் போடுவேன். மழையை நம்பிய காடானால் நேப்பியர் பக்கமே போகமாட்டேன்.