வால்தர் பிடிபியா, கிளாக் 17ஆ?

ஸ்ட்ரைக்கர் வகைக் கைத்துப்பாக்கி (வெளியே சுத்தியல் இல்லாமல், உள்ளேயிருக்கும் ஊசி தோட்டாவைத் தட்டிச் சுடும் வகை) வேண்டும், ஆனால் வேறு ட்ரிகர் வாங்கி மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்பவர்களுக்காக.

ட்ரிகர்: பிடிபியில் முதலில் லேசாக நகரும், பிறகு ஒரு தெளிவான தடை, அதைத் தாண்டியதும் சட்டென விடுபடும். சுட்டபின் விரலைக் கொஞ்சம் தளர்த்தினாலே அடுத்த சுடுதலுக்குத் தயார். கிளாக்கில் அந்தத் தடை பஞ்சுபோல அமுங்கும். எந்த இடத்தில் விடுபடும் என்று விரல் பழக வேண்டும். இதில் வால்தர்தான், சந்தேகமே இல்லை.

உழைப்பு: கிளாக் 17 ஆஸ்திரிய ராணுவத்தில் 1982இல் சேர்ந்தது. பிடிபி வந்ததோ 2021இல். நீண்ட காலம் சோதிக்கப்பட்டது கிளாக்தான்.

உதிரி, மேகசின் (தோட்டாப் பெட்டி), உறை: கிளாக்குக்கு எளிதில் கிடைக்கும்.

இரண்டிலும் சேஃப்டி ட்ரிகரிலேயே இருக்கிறது; ட்ரிகரை அழுத்தினால் அதுவும் விடுபட்டுவிடும். அதனால் ட்ரிகரை முழுதாக மூடும் உறை கட்டாயம். அப்புறம், கிளாக்கைக் கழற்ற ட்ரிகரை அழுத்தியே ஆக வேண்டும். அதற்கு முன் மேகசினை எடுத்துவிட்டு, தோட்டா நிற்கும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள்.

இலக்குப் பயிற்சி, போட்டி என்றால் பிடிபி. நீண்ட காலம் வைத்துப் பராமரிக்க கிளாக்.