தங்கச்சிமடம் மளிகைக் கடைக்கு மழை போட்ட மார்க்

தங்கச்சிமடத்துல சின்னதா டிபன் கடை வச்சிருக்கேன், நாலு வருஷமா சரக்கு எடுக்குற மொத்த மளிகைக் கடைக்குத்தான் இந்த ரிவியூ. எடை கரெக்ட், வெலை கிலோவுக்கு ஒரு ரூபா ரெண்டு ரூபா கூட, அவ்ளோதான். நான் மார்க் போடுறது வேற விஷயத்துக்கு.

அமெரிக்கால வாஃபிள் ஹவுஸ்னு 24 மணி நேர ஹோட்டல் இருக்கு. புயல் அடிச்சா ஊரு எவ்ளோ அடி வாங்கிருக்குன்னு அத வச்சே பாப்பாங்களாம், முழு மெனு ஓடுனா பச்சை, கொஞ்ச ஐட்டம்தான்னா மஞ்சள், மூடிக்கெடந்தா சிவப்பு. அங்க பேரிடர் துறைத் தலைவரா இருந்த கிரேக் ஃபியூகேட் கெளப்பிவிட்ட கணக்கு இது. நம்ம ராமேஸ்வரம் தீவுக்கு அப்டியே பொருந்தும், லாரி வர்றதுக்கு 1988ல தொறந்த அந்த ஒத்தப் பாலம்தான, பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபம் ஊர்ல வண்டி நின்னுட்டா இங்க குடோன்ல கெடக்குறதுதான் சோறு.

2024 நவம்பர் 20, ராமேஸ்வரத்துல 40 செ.மீ.க்கு மேல கொட்டுச்சே, அன்னைக்கு வெலை கம்மின்னு வேற ஒருத்தர்ட்ட உளுந்து சொல்லி வச்சிருந்தேன் (என் புத்திய செருப்பால அடிக்கணும்), அவரு மூட்டைய தரையிலயே போட்டு எல்லாம் ஊறிப்போச்சு, போனும் எடுக்கல, அட்வான்ஸ் வர ரெண்டு மாசம்.

அண்ணாச்சி கடைக்கு மறுநா போனா, ரெண்டு அடுக்கு ஹாலோ பிளாக், மேல பலகை, அதுமேல மூட்டை, தார்ப்பாய் போட்டு கயித்தால இறுக்கிருக்காரு. அடி மூட்டைய தடவிப் பாத்தேன், சாக்கு மொறமொறன்னு காஞ்சு கெடந்துச்சு. டவர் இல்ல, ஜிபே இல்ல, நோட்டுல எழுதிட்டு தூக்கிட்டுப் போன்னாரு, ஆனா ஆளுக்கு ரெண்டு மூட்டைதான்னு கறாரு, அப்ப கோவம் வந்துச்சு, எனக்குப் பின்னால நின்ன கூட்டத்த பாத்தப்புறம் வாய மூடிட்டேன். பாம்பன்ல கூண்டு ஏத்துனாலே பத்து நாள் சரக்கு ஏத்திருவாராம், மதுரைலயும் எடுப்பாரு ராம்நாடுலயும் எடுப்பாரு. 1964ல தனுஷ்கோடில அவுக அப்பா கடை போன கதை தனி.

கொறைன்னா ஜெனரேட்டர் இல்ல. பாலு தயிரு பாக்கெட் பூரா வீணாப் போச்சு, என் கடைல ரெண்டு நாள் கட்டஞ்சாயாதான் ஓடுச்சு. அதனால பச்சை கெடையாது, மஞ்சள்தான்.

இத அவர்ட்டயே சொன்னேன். "மொத நீ அந்த நோட்டு பாக்கிய குடுப்பா, ஜெனரேட்டர் வாங்கிருவோம்"ங்குறாரு.